துக்கப் பூசை நடந்த கோயிலிலேயே கல்யாணம்: ஜோ பயர்லியின் கதை

கேள்வி இது: "இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையிலும் ரஷ்யப் படையிலும் சேர்ந்து சண்டை போட்ட பாராசூட் வீரர் ஒருவரைப் பற்றி ஒரு துணுக்கு படித்தேன். இது நிஜமா? நிஜம் என்றால், இவ்வளவையும் பார்த்த மனிதர் போர் முடிந்த பிறகு எப்படித்தான் வாழ்ந்தார்?"

நிஜம்தான். அவர் பெயர் ஜோசப் பயர்லி. எல்லோருக்கும் ஜோ. அமெரிக்காவின் 101ஆவது வான்வழிப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் குதித்து, ஜெர்மானியரிடம் பிடிபட்டு, முகாமிலிருந்து தப்பி, கிழக்கே நடந்து, சோவியத் ராணுவமான செம்படையின் டாங்கிப் பிரிவு ஒன்றோடு சேர்ந்து சண்டை போட்டவர். இரண்டு படைகளிலும் போரிட்டதாக அறியப்பட்ட ஒரே அமெரிக்கர் என்றுதான் பொதுவாகக் குறிப்பிடுவார்கள்.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதியைப் படித்ததும் எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது. ஜோவின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் டாங்கியில் ஏறியதோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் 59 வருஷம் வாழ்ந்தார். அந்த 59 வருஷத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால், படையில் சேர்வதற்கு முன்னால் இருந்த வீட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஜோ பிறந்தது 1923 ஆகஸ்ட் 25 அன்று, மிச்சிகன் மாநிலத்தில் மஸ்கீகன் என்ற ஊரில். மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கிற தொழில் நகரம் அது. ஒரு காலத்தில் மரம் அறுக்கும் ஆலைகளுக்குப் பேர்போனது, அப்புறம் வார்ப்படப் பட்டறைகளும் தொழிற்சாலைகளும் வந்தன. ஏழு பிள்ளைகளில் ஜோ மூன்றாவது. தாத்தா பாட்டிமார் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள். அப்பா தொழிற்சாலைத் தொழிலாளி.

ஜோவுக்கு ஆறு வயது ஆகும்போது 1929இன் பொருளாதார வீழ்ச்சி வந்தது. அப்பாவுக்கு வேலை போனது. குடியிருந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, மொத்தக் குடும்பமும் பாட்டி வீட்டில் போய் ஒண்டிக்கொண்டது. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் சாப்பாட்டுப் பொருளுக்காக அப்பாவோடு வரிசையில் நின்றதுதான் ஜோவுக்கு ஞாபகம் இருந்த முதல் நினைவுகளில் ஒன்று.

மூத்த அண்ணன்கள் இரண்டு பேரும் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டார்கள். வேலையில்லாத இளைஞர்களுக்காக அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு தொடங்கிய பணித்திட்டம் ஒன்றில் சேர்ந்தார்கள். காடுகளில் மரம் நடுவது, பாதை போடுவது, பூங்கா அமைப்பது என்று வேலை. மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலரை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. அந்தப் பணத்தில்தான் கீழே இருந்த பிள்ளைகள் வீட்டிலேயே தங்கிப் படிக்க முடிந்தது. சகோதரி ஒருவர் 16 வயதில் செங்காய்ச்சலில் இறந்துபோனார். பென்சிலின் சாமானியர் கைக்கு வராத காலம் அது.

இப்படி அண்ணன்களின் படிப்பைக் கொடுத்து வாங்கிய படிப்பு ஜோவுடையது. 1942இல் பள்ளிப் படிப்பை முடித்தார். நோத்ர டேம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். கத்தோலிக்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய வாசல் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜோ அதை விட்டுவிட்டுப் படையில் சேர்ந்தார். அதிலும் பாராசூட் பிரிவுக்குத் தானாகவே பெயர் கொடுத்தார். அந்தப் பிரிவுக்கு யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்புவதில்லை. கேட்டு வருகிறவர்களை மட்டுமே எடுப்பார்கள். குதிப்பதற்கென்று மாதம் 50 டாலர் கூடுதல் படி உண்டு. சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளமே அன்றைக்கு 50 டாலர்தான். அதாவது இரட்டைச் சம்பளம். சாப்பாட்டுக்கு வரிசையில் நின்று வளர்ந்த வீட்டில் அது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற இடத்தில் பயிற்சி. கர்ணல் ராபர்ட் சிங்க் தலைமையில் 506ஆவது பாராசூட் காலாட்படை ரெஜிமென்ட் அங்கேதான் புதிதாக உருவாகிக்கொண்டிருந்தது. முகாமை ஒட்டி கர்ராஹீ என்று ஒரு மலை. மூன்று மைல் ஏற்றம், மூன்று மைல் இறக்கம், ஓடியே போய்வர வேண்டும். செரோக்கி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் அது. 'தனித்து நிற்பது' என்று பொருள் சொல்வார்கள். ரெஜிமென்டின் முழக்கமும் அதுவே. பின்னாளில் ஜோவுக்கு நடந்ததை யோசித்தால், அந்தச் சொல் அவருக்கென்றே எடுத்து வைத்தது போல இருக்கும். அவர் இருந்த மூன்றாவது பட்டாலியனை அட்லாண்டாவிலிருந்து ஃபோர்ட் பென்னிங் வரை நடத்தியே கூட்டிப்போனார்கள். 136 மைல், கிட்டத்தட்ட 220 கிலோமீட்டர். ரேடியோத் தொடர்பும் வெடிவைத்துத் தகர்ப்பதும் ஜோவின் தனித்தேர்ச்சி. 'ஜம்பிங் ஜோ' என்று பட்டப்பெயரும் விழுந்தது.

அடுத்து இங்கிலாந்து, ராம்ஸ்பரி கிராமம். 1944 ஏப்ரலிலும் மே மாதத்திலும், மற்றவர்கள் இன்னும் பயிற்சியில் இருக்கும்போதே, ஜோ இரண்டு முறை ஜெர்மன் பிடியிலிருந்த பிரான்சுக்குள் இரவில் குதித்துவிட்டு வந்தார். அங்கே மறைந்திருந்து போராடிய பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்துக்குத் தங்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. அப்போது அவருக்கு 20 வயது.

பிரான்சை மீட்க நேச நாடுகள் நார்மண்டியில் தரையிறங்கியதற்கு முந்தைய இரவு, ஜூன் 5 அன்று, இங்கிலாந்தின் எக்ஸீட்டர் விமானத்தளத்தில் மூன்றாவது பட்டாலியன் ஏறத் தயாராக நின்றது. அதன் தளபதி லெப்டினன்ட் கர்ணல் ராபர்ட் வால்வர்டன் எல்லோரையும் மண்டியிடச் சொல்லி ஒரு ஜெபம் செய்தார். சில மணி நேரத்தில் நார்மண்டியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றிரவு 13,000க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் அங்கே இறங்கினார்கள். மேகமும் விமான எதிர்ப்புக் குண்டும் சேர்ந்து விமான அணிகளைக் குலைத்துவிட்டன. எங்கே இறங்க வேண்டுமோ அங்கே இறங்கியவர்கள் கொஞ்சம்தான்.

ஜோ ஏறிய சி-47 விமானமும் கடற்கரையைத் தாண்டும்போதே அடிவாங்கத் தொடங்கியது. அவர் குதித்த உயரம் வெறும் 120 மீட்டர். இது எப்படிப்பட்ட உயரம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துப் படைப் பாராசூட்டை வீரர் கையால் திறப்பதில்லை. விமானத்துக்குள் ஒரு கம்பியில் மாட்டிய நாடா, ஆள் வெளியே விழுந்ததும் இழுபட்டுப் பாராசூட்டைத் திறந்துவிடும். திறந்து விரிவதற்கே சில விநாடி வேண்டும். அதனால் ஏறத்தாழ 200 மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதுதான் ஏற்பாடு. 120 மீட்டரில் குடை விரிந்ததும் கால் தரையைத் தொட்டுவிடும். தவறு நடந்தால் திருத்த நேரமே கிடையாது. ஜோவின் கால் பட்டது தரையில்கூட இல்லை. சேன் கோம் தூ மோன் என்ற கிராமத்துக் கத்தோலிக்கக் கோயிலின் கூரையில் வந்து விழுந்தார். அந்தக் கோயில் சுவரில் இன்றைக்கு அவர் நினைவாக ஒரு பலகை இருக்கிறது.

இறங்கிய பிறகு தன் ஆட்கள் ஒருவரையும் காணவில்லை. தனியாள். மனிதர் உட்காரவில்லை. பயிற்சி எடுத்தது தகர்க்கத்தானே! ஒரு மின்நிலையத்தை வெடிவைத்துத் தகர்த்தார். இன்னும் சில நாச வேலைகளையும் செய்தார். சில நாட்களில் ஜெர்மன் வீரர்களிடம் பிடிபட்டார்.

பிடிபட்டபோது கழுத்தில் கிடந்த அடையாளத் தகட்டை ஜெர்மானியர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தக் காலப் போரில் முகம் சிதைந்த உடலுக்குப் பெயர் கொடுப்பது பெரும்பாலும் அந்தத் தகடுதான். கொஞ்ச நாளில் அமெரிக்கச் சீருடை போட்ட ஒரு உடல் ஜோவின் தகட்டோடு கிடைத்தது. உண்மையில் அது ஒரு ஜெர்மன் வீரனின் உடல். ஆனால் தகடு சொன்ன பெயரில்தான் பிரான்சில் அதைப் புதைத்தார்கள். 1944 ஜூன் 10 அன்று ஜோசப் பயர்லி போரில் இறந்ததாகப் பதிவாகி, மஸ்கீகன் வீட்டுக்குச் செய்தி போனது. உள்ளூர்ப் பத்திரிகையில் இரங்கல் குறிப்பு வந்தது. பங்குக் கோயிலில் அவருடைய ஆன்மா இளைப்பாற்றிக்காகத் திருப்பலி நடந்தது. ஏற்கெனவே 16 வயது மகளைக் கல்லறைக்கு அனுப்பிய தாய், இப்போது உடலே இல்லாமல் மகனுக்குப் பூசை வைத்தார். எத்தனை தடவை படித்தாலும் என்னால் இந்த இடத்தைச் சட்டென்று கடந்து போக முடிவதில்லை.

பூசை நடந்த நாளில் மகன் உயிரோடு ஏதோ ஒரு முள்வேலிக்குள் இருந்தார். ஏழு மாதத்தில் ஏழு சிறைகள். இரண்டு தடவை தப்பி, இரண்டு தடவையும் பிடிபட்டார். திட்டம் எப்போதும் ஒன்றே: கிழக்கே போனால் செம்படை வந்துகொண்டிருக்கிறது, அதனோடு சேர்ந்துவிடலாம். இரண்டாவது தடவை போலந்துப் பக்கம் போகிற ரயில் என்று நினைத்து ஜோவும் கூட்டாளிகளும் ஏறினார்கள். ரயில் நேராகப் பெர்லினுக்குப் போனது! எதிரியின் தலைநகரில் போய் இறங்கி நின்றார்கள். அங்கே ஒரு ஜெர்மன் குடிமகன் அவர்களை நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோவிடம் காட்டிக்கொடுத்தார்.

கெஸ்டபோ அடித்தது, சித்திரவதை செய்தது. அமெரிக்க உளவாளி, பெர்லினில் பாராசூட்டில் வந்து குதித்தவன் என்று குற்றம் சாட்டிச் சுடவும் தயாரானது. காப்பாற்றியது ஜெர்மன் ராணுவம்தான். போர்க்கைதிகள் ராணுவத்தின் பொறுப்பு, கெஸ்டபோவுக்கு அவர்கள்மேல் அதிகாரம் இல்லை என்று சொல்லி ராணுவ அதிகாரிகள் மீட்டுக்கொண்டு போனார்கள். இதில் இரக்கம் எவ்வளவு, அதிகாரப் போட்டி எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். எப்படியோ, ஜோவின் உயிர் அன்றைக்கு நின்றது 'யாருடைய கைதி' என்ற ஒரு கேள்வியின் மேல்.

அவரைக் கொண்டுபோய் அடைத்த இடம் ஸ்டாலாக் 3-சி. ஓடர் ஆற்றங்கரையில் கியூஸ்ட்ரின் நகரத்துக்குப் பக்கத்து முகாம். சோவியத் கைதிகளும் அங்கே இருந்தார்கள். அமெரிக்கர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும், போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஜெனீவா ஒப்பந்தத்தின் பாதுகாப்பு ஓரளவுக்கேனும் கிடைத்தது. சோவியத் கைதிகளுக்கு அதுவும் மறுக்கப்பட்டது. அந்தப் போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட சோவியத் வீரர்கள் ஏறத்தாழ 57 லட்சம் பேர். அவர்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டினியாலும் நோயாலும் குளிராலும் துப்பாக்கிக் குண்டாலும் செத்தார்கள். ஒரே முகாமில் கைதிகளுக்குள்ளேயே இந்த வேறுபாடு. ஜோ பின்னால் எடுத்த முடிவை யோசிக்கும்போது இந்தப் பின்னணியை விட்டுவிட முடியாது.

1945 ஜனவரி தொடக்கத்தில் மூன்றாவது தடவை தப்பினார். உறைபனிக் காலம். பெர்லின் அனுபவத்துக்குப் பிறகு ரயிலை நம்பவில்லை. கிழக்கு நோக்கி நடை. ஜனவரி 12 அன்று செம்படை விஸ்துலா ஆற்றங்கரையிலிருந்து பெரும் தாக்குதலைத் தொடங்கி ஓடரை நோக்கிப் பாய்ந்து வந்துகொண்டிருந்தது. ஜனவரி நடுவில் ஒரு சோவியத் டாங்கிப் படை ஜோவின் கண்ணில் பட்டது. கையில் மிச்சம் இருந்த லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் பாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கி, தெரிந்த இரண்டு ரஷ்யச் சொற்களைக் கத்தினார்: "அமெரிகான்ஸ்கி தவாரிஷ்!" அமெரிக்கத் தோழன் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் ஜோவுக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. பின்னால் அனுப்புங்கள், ஊருக்குப் போகிறேன் என்று கேட்டிருக்கலாம். அவர் கேட்டது, உங்களோடு பெர்லின் வரை வந்து சண்டை போட விடுங்கள் என்று. அந்தப் பட்டாலியனின் தளபதி ஒரு பெண், கேப்டன் அலெக்சாந்திரா சமுசென்கோ என்று ஜோ பின்னாளில் சொன்னார். சமுசென்கோ 1ஆவது காவலர் டாங்கிப் படையில் பணியாற்றிய அதிகாரி. டாங்கிப் படையில் அந்த நிலைக்கு உயர்ந்த பெண் வேறு யாரும் இல்லை என்பார்கள். ஜோவின் கோரிக்கைக்கு அவர் சம்மதித்தார். 1945 மார்ச் 3 அன்று சமுசென்கோ களத்திலேயே இறந்துபோனார். அப்போது வயது 22 அல்லது 23தான்.

சுமார் ஒரு மாதம் ஜோ அவர்களோடு இருந்தார். அமெரிக்கா சோவியத் யூனியனுக்கு 4,000க்கும் மேற்பட்ட ஷெர்மன் டாங்கிகளைக் கொடுத்திருந்தது. தான் சேர்ந்த பட்டாலியனிலும் ஷெர்மன்கள் இருந்ததாக ஜோ சொல்லியிருக்கிறார். வெடிமருந்து தெரிந்த ஆள் என்பதால் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அந்த ஜனவரி முடிவில் அவர்கள் முன்னேறிய வழியில் வந்தது எந்த இடம் தெரியுமா? ஸ்டாலாக் 3-சி. சில வாரங்களுக்கு முன்பு எந்த வேலியைத் தாண்டி ஓடினாரோ, அதே முகாமை விடுவித்த படையில் ஒருவராக ஜோ திரும்பி வந்தார்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஜெர்மன் ஸ்டூக்கா விமானங்கள் குண்டு போட்டதில் பலமான காயம். லாண்ட்ஸ்பெர்க் நகரத்துச் சோவியத் ராணுவ மருத்துவமனையில் சேர்த்தார்கள். இப்போது போலந்தில் கோஜூஃப் என்று பெயர் மாறிய ஊர் அது. அங்கே பார்வையிட வந்த சோவியத் படைத் தளபதி மார்ஷல் ஜார்ஜி ஷுகோவ், கட்டில்களுக்கு நடுவே ஒரு அமெரிக்கர் கிடக்கிறார் என்று கேட்டு ஆச்சரியப்பட்டு, மொழிபெயர்ப்பாளரை வைத்து முழுக் கதையையும் கேட்டார். சொந்த நாட்டுப் படையிடம் போய்ச் சேர வேண்டிய தாள்களையும் ஏற்பாடு செய்து கொடுத்தார்.

அந்தத் தாள்களோடு சோவியத் ராணுவ வண்டிகளில் பயணம் செய்து, பிப்ரவரியில் மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கேதான் தெரிந்தது, தான் செத்துப்போய் எட்டு மாதம் ஆகிவிட்டது என்று. தூதரக அதிகாரிகளைக் குறை சொல்ல முடியாது. ஆவணத்தின்படி இறந்த ஒருவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, ஷுகோவ் கொடுத்த தாளோடு ஒருவர் வந்து நின்றால் யார்தான் நம்புவார்கள்? அவரை மெட்ரோபோல் ஓட்டலில் கடற்படைக் காலாட்படை வீரர்களின் காவலில் வைத்தார்கள். கைரேகை ஒத்துப்போன பிறகுதான் ஜோ பயர்லி சட்டப்படி உயிர் பிழைத்தார். "இதெல்லாம் நிஜமா" என்று கேட்டீர்களே, அதற்குப் பதிலும் இதில் இருக்கிறது. சமுசென்கோவைச் சந்தித்த கதை ஜோவின் நினைவிலிருந்து வருகிறது. ஆனால் இறப்புப் பதிவு, மாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தது, கைரேகை இதெல்லாம் அரசாங்கமே சந்தேகப்பட்டுச் சரிபார்த்தவை.

1945 ஏப்ரல் 21 அன்று மிச்சிகனுக்குத் திரும்பினார். இரண்டு வாரம் கழித்து ஐரோப்பாவில் போர் முடிந்த நாளைச் சிகாகோவில் கொண்டாடினார். அடுத்த வருஷம், 1946இல், ஜோஆன் ஹாலோவெல் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். திருமணம் நடந்த கோயில், இரண்டு வருஷத்துக்கு முன்பு அவருக்குத் துக்கப் பூசை நடந்த அதே கோயில். திருமணத்தை நடத்தி வைத்தவர், அன்றைக்கு அந்தப் பூசையை நிறைவேற்றிய அதே குருவானவர்.

நல்ல கதாசிரியர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தால், கொஞ்சம் அதிகம் என்று நாம் சொல்லியிருப்போம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஜோ பிறந்த ஊரிலேயே, தன் பங்கிலேயே வாழ்க்கையைத் தொடங்கினார். அதனால்தான் கோயிலும் அதே, குருவும் அதே. அந்த வயதில் அவ்வளவு உலகத்தைப் பார்த்தவருக்குச் சிகாகோவோ நியூயார்க்கோ பெரிய தூரம் இல்லை. அவர் தேர்ந்தெடுத்தது மஸ்கீகன்.

இனி உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி. எப்படி வாழ்ந்தார்? மஸ்கீகனில் பிரன்ஸ்விக் கம்பெனிக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. பௌலிங் விளையாட்டுக்கான பந்து, கட்டை முதலியவை செய்கிற கம்பெனி. ஜோ அதில் 28 வருஷம் வேலை பார்த்தார். ஓய்வு பெறும்போது சரக்கு அனுப்பும் பிரிவில் மேற்பார்வையாளர். ஒரு மகள், இரண்டு மகன்கள். அவ்வளவுதான்.

இந்த "அவ்வளவுதான்" சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஷுகோவ் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்ற மனிதர், சரக்குப் பெட்டிகளை எண்ணி லாரியில் ஏற்றிவிடும் வேலையிலா இருந்தார் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜோ சின்ன வயதில் என்ன பார்த்தார்? வேலை போன அப்பாவை. வாடகை கொடுக்க முடியாமல் தெருவுக்கு வந்த வீட்டை. தம்பி தங்கைகளுக்காகப் படிப்பை விட்ட அண்ணன்களை. அப்படி வளர்ந்தவருக்கு, ஒரே கம்பெனியில் 28 வருஷம் தவறாமல் வந்த சம்பளத்தின் அருமை என்ன என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய பிள்ளைகள் யாரும் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள். அப்பாவுக்கு முடியாமல் போனதை இவர் செய்து முடித்தார். போரில் அவர் செய்ததைவிட இது குறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

அந்தத் தலைமுறைப் போர்வீரர்கள் பலர் வீட்டில் போரைப் பற்றி வாயைத் திறக்கவே மாட்டார்கள். ஜோவுக்கு இன்னொரு சங்கடமும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் திரும்பி வந்த சில வருஷங்களிலேயே ரஷ்யர்கள் கூட்டாளி என்ற நிலை மாறி எதிரி ஆகிவிட்டார்கள். 1950களின் அமெரிக்காவில், ரஷ்ய டாங்கியில் ஏறிச் சண்டை போட்டேன் என்பது தெருமுனையில் நின்று பெருமையடிக்கக்கூடிய சங்கதி இல்லை. பனிப்போர் முடிந்த பிறகுதான் அவருடைய கதைக்கு இரண்டு பக்கத்திலும் கேட்க ஆள் வந்தார்கள்.

1994இல், நார்மண்டி தரையிறக்கத்தின் 50ஆம் ஆண்டை ஒட்டி, வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் ஒரு விழா. அமெரிக்க அதிபர் பில் கிளிண்டனும் ரஷ்ய அதிபர் போரிஸ் யெல்ட்சினும் ஜோவுக்குப் பதக்கம் அளித்தார்கள். வயது அப்போது 70ஐத் தாண்டிவிட்டது.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அப்பாவின் பெயரையே கொண்ட மகன் ஜோ, வியட்நாம் போரில் அதே 101ஆவது வான்வழிப் படைப்பிரிவில் பணியாற்றினார். ஒரு தகப்பனாக அந்த மாதங்கள் ஜோவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. தன் பெயரில் வந்த இறப்புச் செய்தியைத் தன் தாய் கையில் வாங்கியதை அறிந்தவர், இப்போது மகனை எதிர்பார்த்து வீட்டில் இருந்தார்.

இன்னொரு மகன் ஜான் பயர்லி வெளியுறவுத் துறையில் சேர்ந்தார். ரஷ்ய மொழி கற்றார், பல வருஷம் சோவியத் மண்ணிலும் பிறகு ரஷ்யாவிலும் பணி செய்தார். 2008இல் ரஷ்யாவுக்கான அமெரிக்கத் தூதராகப் பொறுப்பேற்று 2012 வரை அந்தப் பதவியில் இருந்தார். 1945 பிப்ரவரியில் நீ யார் என்று நம்பாமல் தகப்பனைக் காவலில் வைத்தது மாஸ்கோத் தூதரகம். 63 வருஷம் கழித்து அந்தத் தூதரகத்தின் தலைமைப் பொறுப்பில் மகன் இருந்தார். அவர் தூதராக இருந்த காலத்திலேயே, 2010இல், ஜோவின் வாழ்க்கையைப் பற்றிய கண்காட்சி ஒன்று ரஷ்ய நகரங்களில் நடந்தது.

மகன் தூதரானதைப் பார்க்க ஜோ இல்லை. 2004 டிசம்பரில் அவர் ஜார்ஜியாவுக்குப் போயிருந்தார், 19 வயதில் கர்ராஹீ மலை ஏறி ஓடிய அதே டொக்கோவாவுக்கு. டிசம்பர் 12 அன்று அங்கே தூக்கத்திலேயே இதயம் நின்றுபோனது. வயது 81. ஜோஆனும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். 2005 ஏப்ரலில் ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தின் முதல் பிரிவில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். மஸ்கீகன் கோயிலில் அவருக்கு முதல் பூசை நடந்து அப்போது 60 வருஷம் கடந்திருந்தது.